உளுந்தூர்பேட்டையில் ஒரு ஓடுதளம்

உளுந்தூர்பேட்டை என்றதும் பலருக்கு ஞாபகம் வருவது சுங்கச்சாவடியும், நடுராத்திரியில் பஸ் நிற்கும் டீக்கடையும்தான். சென்னை–திருச்சி சாலையிலிருந்து கள்ளக்குறிச்சி வழியாக சேலத்துக்கு ரோடு பிரியும் இடம். அந்த ஊரில் ஒரு விமான ஓடுதளம் இருக்கிறது என்றால், அந்தப் பக்கத்துக்காரர்களைத் தவிர மற்றவர்கள் நம்ப மாட்டேங்கறாங்க. இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷார் போட்டது. போர் முடிந்ததும் அப்படியே விட்டுட்டுப் போயிட்டாங்க.

கடலே தெரியாத இந்த ஊரில் எதற்கு விமானத்தளம்? அதற்கு 1942-க்குப் போகணும். பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் விழுந்தது. மார்ச் 8-ல் ரங்கூன். அதே மாதம் 23-ல் அந்தமானில் ஜப்பான் படை இறங்கியது. ஏப்ரல் 5-ல் கொழும்பு, 6-ல் விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும், 9-ல் திருகோணமலை என்று வரிசையாகக் குண்டு விழுந்தது. சென்னையில் பாதி ஊர் காலி. ஆட்கள் மூட்டை முடிச்சோடு ரயிலேறிக் கிராமங்களுக்கு ஓடினார்கள். மிருகக்காட்சிசாலையில் குண்டு விழுந்து விலங்குகள் தப்பி வந்துவிடுமோ என்று பயந்து அவற்றைச் சுட்டே கொன்றார்கள். வங்காள விரிகுடா திடீரென்று போர்முனை ஆகிவிட்டது, ஆனால் அதன் கரையில் இருந்த விமானத்தளங்களோ மிகக் குறைவு.

அவசரத்தில் இந்தியா முழுக்க இருநூறுக்கும் மேற்பட்ட விமானத்தளங்களுக்குத் திட்டம் போட்டார்கள். தமிழ்நாட்டில் சோழவரம், அரக்கோணம், தஞ்சாவூர், சூலூர், கயத்தாறு எல்லாம் அந்தக் காலத்து வரிசைதான். உளுந்தூர்பேட்டையை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்பதை வரைபடத்தை வைத்தே ஓரளவு ஊகிக்கலாம். கடலூர் கடற்கரையிலிருந்து நேர்கோட்டில் ஐம்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல். போர்க்கப்பல் பீரங்கிக்கு எட்டாது, ஆனால் இங்கிருந்து கிளம்பும் விமானம் பத்து நிமிஷத்துக்குள் கடல்மேல் இருக்கும். விழுப்புரம்–விருத்தாசலம் ரயில் பாதை ஊரைத் தொட்டுப் போகிறது, எரிபொருளும் குண்டும் கொண்டுவர வசதி. மேற்கே கள்ளக்குறிச்சியைத் தாண்டினால் கல்வராயன் மலை எழும்பிவிடும். அதற்கு இந்தப் பக்கம் விமானத்துக்குத் தடையில்லாத சமவெளி.

அன்றைய தளங்களைக் கட்டியது பெரும்பாலும் மனித உழைப்பு. இந்தியா முழுவதும் எடுக்கப்பட்ட அக்காலப் புகைப்படங்களில், தலையில் கூடையோடு வரிசையாக ஜல்லி சுமக்கும் பெண்களைப் பார்க்கலாம். ரோடு ரோலர் இருந்தது, ஆனால் கல் உடைத்ததும் சுமந்ததும் கூலியாட்கள். யார் வயலில் அந்தக் கான்கிரீட் விழுந்தது, அவர்களுக்கு என்ன கிடைத்தது என்ற கதையை யாராவது அந்த ஊர்ப் பெரியவர்களிடம் உட்கார்ந்து கேட்டு எழுதணும். நேரம் ரொம்ப இல்லை.

இனி எனக்கு சுவாரசியமான விஷயம். ஒரே போரில் பிறந்த இந்த ஓடுதளங்களின் தலையெழுத்து ஒரே மாதிரி இல்லை. அரக்கோணம் 1992-ல் கடற்படையின் ஐஎன்எஸ் ராஜாளி ஆனது. தஞ்சாவூர் 2013-ல் முழு விமானப்படைத் தளமாகி, 2020 முதல் சுகோய் விமானங்கள் அங்கே நிற்கின்றன. சோழவரத்தில் விமானம் போய் கார் வந்தது. இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக் 1990-ல் திறக்கும் வரை சென்னையின் மோட்டார் பந்தயம் என்றால் அந்தப் பழைய ஓடுதளம்தான். பிழைத்த தளம் ஒவ்வொன்றையும் யாரோ ஒருவர் தேவையோடு வந்து எடுத்துக்கொண்டார்கள். உளுந்தூர்பேட்டைக்கு அப்படி யாரும் வரவில்லை.

இப்போது அதை விமான நிலையமாக்க வேண்டும் என்ற கோரிக்கை அவ்வப்போது எழுகிறது. 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆனது. 2023 ஏப்ரலில் தைவானின் பௌ சென் குழுமம் இங்கே 2,302 கோடி ரூபாயில் காலணித் தொழிற்சாலை தொடங்க ஒப்பந்தம் போட்டது. "ஓடுதளம்தான் ரெடியா இருக்கே, தார் போட்டா போதுமே" என்பார்கள்.

போதாது. எழுபது பயணிகள் ஏறும் ஏடிஆர் விமானத்துக்கே ஏறக்குறைய 1,400 மீட்டர் நல்ல தளம் வேண்டும். ஓடுதளம் 30 மீட்டர் அகலம் என்றாலும், கருவி உதவியோடு விமானம் இறங்கணும்னா இருபுறமும் சேர்த்து முன்னூறு மீட்டருக்குக் கிட்ட தடையில்லாத நிலம் வேண்டும். இரண்டு முனைகளிலும் தாண்டி ஓடினால் காப்பாற்றும் பரப்பு, அதற்கும் அப்பால் வெகுதூரத்துக்கு மரமும் செல்போன் கோபுரமும் உயர முடியாத கட்டுப்பாடு. எண்பது வருஷத்துக்கு முந்தைய கான்கிரீட் இதில் ஒரு சின்னப் பகுதிதான். மீதி எல்லாம் நிலம் கையகப்படுத்தல், அதாவது பக்கத்து விவசாயியின் பட்டா.

அதைவிடப் பெரிய கேள்வி, யார் ஏறுவாங்க? சேலத்தைப் பாருங்க. 1993-ல் திறந்த நிலையம். சேவை கொஞ்ச நாளில் நின்றது. நடுவில் ஒருமுறை வந்து போனது. 2018 மார்ச்சில் உடான் திட்டத்தில் மறுபடி தொடங்கி, 2021-ல் நின்று, 2023 அக்டோபரில் திரும்பவும் வந்தது. சேலம் எவ்வளவு பெரிய ஊர்! ஒன்றரை மணி நேரத் தொலைவில் இருக்கும் புதுச்சேரியிலும் விமானம் நின்று நின்றுதான் ஓடுகிறது. உளுந்தூர்பேட்டையில் இருந்து சென்னைக்கு நான்கு மணி நேரத்துக்குள் பஸ் போகும்போது, செக்யூரிட்டி வரிசையில் ஒரு மணி நேரம் நின்று பறக்க எத்தனை பேர் வருவார்கள்?

பயிற்சி விமானங்களுக்கு என்றால் கதை வேறு. இரண்டு பேர் உட்காரும் செஸ்னாவுக்கு ஆயிரம் மீட்டரே தாராளம். பெரிய டெர்மினல் வேண்டாம், நெரிசல் இல்லாத வானம் வேண்டும். விமானிகள் தேவை இங்கே ஏறிக்கொண்டே போகிறது, பயிற்சிக்கு வெளிநாடு போய் லட்சக்கணக்கில் கொட்டுகிறார்கள். கேட்பதாக இருந்தால் நான் இதைத்தான் கேட்பேன். அதற்கும் முதல் வேலை, நிலத்தை அளந்து, எவ்வளவு அரசிடம் இருக்கிறது, எவ்வளவில் பயிர் நிற்கிறது என்று ஊருக்குத் திறந்து சொல்வது.