வாட்ஸ்அப் பேக் விற்ற காலம்

பத்து வருஷத்துக்கு முன்னால் என் ரீசார்ஜ் கடையில் அதிகம் ஓடியது வாட்ஸ்அப் பேக்தான். முழு நெட் பேக் போடக் கட்டுப்படியாகாதவர்கள் அதை வாங்குவார்கள். ஃபேஸ்புக்குக்குத் தனி பேக். சந்தையில் தக்காளி விற்பதுபோல இன்டர்நெட்டைக் கூறு போட்டு விற்றோம்.

பிளஸ் டூ ரிசல்ட் அன்று வம்பு வரும். யாராவது ரிசல்ட் லிங்கை வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். தட்டினால் பிரவுசரில் திறக்கும். பேக் அங்கே செல்லாது. கேபி கணக்கில் மெயின் பேலன்ஸில் பிடித்துவிடுவார்கள். "அண்ணே, நேத்துத்தானே அம்பது ரூபா டாப்-அப் போட்டேன், எங்கண்ணே போச்சு?" என்று பையன் வந்து நிற்பான். வாட்ஸ்அப்பில் வரும் வடிவேலு வீடியோவுக்குத் தனிக் காசில்லை, அரசாங்கத் தளத்தில் மார்க் பார்த்தால் காசு.

இந்தப் பாரபட்சம் கூடாது என்பதைத்தான் இணைய சமநிலை என்கிறார்கள். எந்தத் தளத்து டேட்டாவாக இருந்தாலும் லைன் கொடுக்கும் கம்பெனி ஒரே மாதிரி நடத்த வேண்டும். ஆளுக்கொரு வேகம், ஆளுக்கொரு விலை கூடாது.

2014 டிசம்பரில் ஏர்டெல், இன்டர்நெட் வழி அழைப்புகளுக்குத் தனிக் கட்டணம் என்று அறிவித்து, எதிர்ப்பு கிளம்பியதும் பின்வாங்கியது. 2015 பிப்ரவரியில் ஃபேஸ்புக், ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸோடு சேர்ந்து சில தளங்களை மட்டும் இலவசமாகத் தந்தது. முதலில் கிடைத்த மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. பின்னால் அதற்கு 'ஃப்ரீ பேசிக்ஸ்' என்று பெயர் வைத்து, பேப்பரில் முழுப் பக்க விளம்பரம் கொடுத்தார்கள். இல்லாதவர்களுக்குக் கொஞ்சமாவது கிடைக்கட்டுமே என்ற வாதத்தை நான் லேசாகத் தள்ள மாட்டேன். என் கடைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் அப்படிப்பட்டவர்கள்தான். ஆனால் உள்ளே வரும் தளங்களுக்கு நிபந்தனை போட்டது ஃபேஸ்புக். அங்கேதான் எனக்கு இடித்தது.

2016 பிப்ரவரி 8-ம் தேதி, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் உத்தரவு போட்டது: தளத்தைப் பார்த்து டேட்டாவுக்கு விலை வைக்கக் கூடாது. மீறினால் நாளுக்கு 50,000 ரூபாய், அதிகபட்சம் 50 லட்சம் அபராதம். அவசர காலங்களுக்கு விலக்கு உண்டு. அந்த வாரமே ஃப்ரீ பேசிக்ஸ் மூட்டை கட்டியது. வேகத்தைக் குறைப்பது, தளத்தைத் தடுப்பது போன்ற பாரபட்சங்களுக்கு 2018-ல் லைசென்ஸ் விதியிலேயே தடை வந்தது. இலவசம் போய்விட்டதே என்று வருந்தியவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அதே 2016 செப்டம்பரில் ஜியோ வந்து, போட்டியில் மொத்த டேட்டா விலையும் சரிந்தது. கூறு போடாமலேயே நிறையப் பேருக்கு நெட் கிடைத்தது.

இப்போது கவுன்டரில் கேள்வி வேறு. "ஓடிடி ஃப்ரீன்னு போட்டிருக்கே, படம் பார்த்தா ஏன் டேட்டா குறையுது?" சந்தாதான் இலவசம், டேட்டா குறையத்தான் செய்யும். 2016-ல் போட்ட கோடு இன்னும் அழியவில்லை என்று அர்த்தம்.

லைன் கொடுக்கும் கம்பெனிகளும் சும்மா இல்லை. பெரிய வீடியோ தளங்கள்தான் நெட்வொர்க்கை அடைக்கின்றன, செலவில் அவையும் பங்கு தரட்டும் என்று சில வருஷமாகக் கேட்கிறார்கள். டவர் போடச் செலவாகிறது, அது நிஜம். ஆனால் அந்த வீடியோவைப் பார்ப்பவர் ஒவ்வொரு ஜிபிக்கும் என் கடையில் காசு கொடுத்துவிட்டார், நான் கமிஷன் போக மீதியைக் கட்டியும்விட்டேன். அதே ஜிபிக்கு இன்னொரு பக்கமும் பில் போட்டால், தளங்கள் அதைச் சந்தாவில் ஏற்றாமல் விடுமா? அதையும் என் கடைக்கு வருகிறவர்கள்தான் கட்ட வேண்டியிருக்கும்.