வீட்டுக் கொல்லையில் பந்தலுக்குரிய இடம்

ஆடிப் பட்டத்தில் புடல், பாகல் விதைகளை ஊன்றுமுன் பந்தலுக்குரிய இடத்தைக் குடியானவர்கள் ஆராய்ந்து கொள்ளல் வேண்டும். கால் நட்டபின் மாற்றுதல் அரிது. கிணற்றடி வேம்பின் கீழ்ப் போட்ட பந்தலில் கொடி இலை விட்டு நீளுமேயன்றிக் காய் அற்பமாகவே பிடிக்கும். மரநிழல் வெயிலை மறைப்பதும், மரவேர் எருவையும் ஈரத்தையும் கவர்வதுமே காரணம். ஆதலால் நீர் எளிதில் பாய்வதும், மழையில் தேங்காததுமான வெளியிடமே தக்கது.

பந்தலைக் கொல்லையின் வட ஓரத்தில் அமைத்தல் நலம். ஐப்பசி முதல் தை வரை சூரியன் தெற்கே சாய்ந்து செல்வதால் நிழல் வடக்கே விழும். கத்தரி, மிளகாய்ப் பாத்திகளுக்குக் கேடில்லை. தெற்கே போட்டால் அப்பாத்திகள் வெயிலின்றி மெலியும்.

உயரம் 6 அடி இருப்பின் புடலங்காய் தடையின்றித் தொங்கும், பறிப்பதும் எளிது. கால்களை 2 அடி ஆழம் ஊன்றாவிடில் ஐப்பசி, கார்த்திகைக் காற்றில் பந்தல் காய்ப் பாரத்தோடு சாய்ந்து, ஒரு பருவ உழைப்பு முழுதும் வீணாகும்.