துராந்தே என்றொரு பெயர்



உயர்தர வகுப்பிலே ஒருநாள் இத்தாலியப் பெருங்கவி தாந்தேயைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். "சேர், தாந்தே என்றால் என்ன கருத்து?" என்று மாணவன் ஒருவன் கேட்டான். காவியத்தை விளக்கிய நான் கவிஞரின் பெயரை விளக்காது விட்டிருந்தேன்.

தாந்தே என்பது முழுப்பெயர் அன்று. துராந்தே என்பதன் மரூஉ. நம் தஞ்சாவூர் தஞ்சை ஆனாற்போல, அவர்களிடையே லொரென்சோ 'ரென்சோ' ஆகும். பேயாத்ரிச்சே 'பீச்சே' ஆகும். கவிஞர் மறைந்தபின் 1343இல் எழுதப்பட்ட ஆவணம் ஒன்று அவரைத் துராந்தே என்றே குறிக்கிறது.

இப்பெயரின் வேர் இலத்தீன். நிலைத்து நிற்பவன், தாங்கிக்கொள்பவன் என்பது பொருள். இடைக்கால இத்தாலியர் பிள்ளைக்கு வாழ்த்தையே பெயராகச் சூட்டுவதுண்டு. 'நற்பேறு' எனப் பொருள்படும் பொனவெந்தூரா, 'நல்வரவு' எனப் பொருள்படும் பென்வெனூத்தோ என்பன அத்தகையவை. இன்றைய இத்தாலிய மொழியிலே 'துராந்தே' என்ற சொல் 'அவ்வேளையில்' என்ற கருத்திலேயே பெரிதும் வழங்குகிறது. குடும்பப் பெயராக அது நிலைத்திருக்க, ஆண்மகனுக்கு இடும் பெயராக அருகிவிட்டது.

1265இல் புளோரன்சில் பிறந்த அக்குழந்தைக்கு இட்ட வாழ்த்து பலித்ததா? 1302இல் அரசியற் பகையால் அவர் நாடு கடத்தப்பட்டார். அகப்பட்டால் எரித்துக் கொல்வதென்றும் தீர்ப்பாயிற்று. 1315இல், தலைகுனிந்து வந்தால் மன்னிப்புண்டு என்றார்கள். அவர் மறுத்தார். 1321இல் ராவென்னா நகரிலே, ஊர் திரும்பாமலே கண்மூடினார்.

அந்த அலைச்சலிலேதான் 'தெய்வீக இன்பியல்' பிறந்தது. நூறு காண்டங்கள் கொண்ட அந்நூலிலே தம் பெயரை அவர் ஒரேயொரு தடவைதான் பதித்தார். வழிகாட்டிய வேர்ஜில் மறைந்ததற்காக அவர் அழுகின்ற வேளையிலே, பேயாத்ரிச்சே அவரைப் பெயர் சொல்லி அழைக்கிறாள். ஆறுதல் சொல்ல அன்று, கண்டிக்கவே அழைக்கிறாள். தேவை கருதியே அப்பெயரை எழுத நேர்ந்தது என்று கவிஞர் அவ்விடத்திலேயே காரணமும் சொல்கிறார்.

2008இல் புளோரன்ஸ் நகரசபை அந்தப் பழந்தீர்ப்பை நீக்கத் தீர்மானித்தது. எழுநூறு ஆண்டுகள் கழித்து!

நேயர்களே, பெற்றவர் இடுவது பெயர் மட்டுமே. அதற்குப் பொருளை, தாங்கிய துன்பத்தாலே தாந்தே தாமே தேடிக்கொண்டார். அந்த மாணவனுக்கும் நான் சொன்ன விடை இதுவே.