பற்பசை வாங்கும்போது

2007இல் கரடியனாற்றிலிருந்து இடம்பெயர்ந்து முகாமில் இருந்தபோது அடுப்புக்கரியால்தான் பல் விளக்கினேன். ஊர் திரும்பிய பின்னும் அந்தப் பழக்கம் போகவில்லை. கரி பல்லின் மேற்படையைத் தேய்த்துவிட்டது. குளிர்தண்ணீர் பட்டாலே கூசியது. சூத்தை விழுந்த ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கவும் வேண்டி வந்தது.

இப்போது பற்பசை வாங்கும்போது நான் விளம்பரத்தைப் பார்ப்பதில்லை. பெட்டியில் புளோரைட் 1000 முதல் 1500 பிபிஎம் என்று போட்டிருக்கிறதா என்றே பார்க்கிறேன். சூத்தையைத் தடுப்பது அதுதான். விலை குறைந்த பசைகளிலும் அது உண்டு.

பிரஷ் மென்மையானதாக, ஆளுக்கொன்றாக இருக்கட்டும். மூன்று மாதத்தில் மாற்றுங்கள். மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு அரிசியளவும், ஆறு வயதுவரை பட்டாணியளவும் பசை போதும். படுக்கப் போகுமுன் கட்டாயம் விளக்குங்கள்.

என் பேத்திக்கு ஆறு வயது. இன்னும் ஒரு சூத்தைப் பல்லும் இல்லை, சகோதரிகளே.