வெள்ளத்துக்கு முன் ஒரு பட்டியல்: உங்கள் பகுதியின் பத்துப் பேர் யார்?

அக்டோபர் 2 கிராம சபைக்கு இன்னும் சில நாள்களே இருக்கின்றன. அதிலிருந்து மூன்று வாரத்துக்குள், அக்டோபர் 20 வாக்கில், வடகிழக்குப் பருவமழை வழக்கமாகத் தொடங்கிவிடும். இந்தச் சமயத்தில் வரும் வாசகர் கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றுகின்றன. வி.ஏ.ஓ. வந்து பெயரையும் செல்போன் எண்ணையும் எழுதிக்கொண்டு போயிருக்கிறார். எதற்கென்று சிலருக்குத் தெரியவில்லை. முதல்நிலை மீட்பாளரும் ஆப்த மித்ராவும் ஒன்றா என்று சிலர் கேட்கிறார்கள். பட்டியலில் பெயர் இருந்தால் வெள்ளத்தில் இறங்கித்தான் ஆக வேண்டுமா என்று வீட்டில் பயப்படுவதாக ஒருவர் எழுதியிருக்கிறார்.

புயல் எப்படி உருவாகிறது, எந்தக் கூண்டுக்கு என்ன பொருள் என்பதெல்லாம் நம் வாசகர்களுக்கு மனப்பாடம். நேராகப் பட்டியலுக்கு வருவோம்.

இரண்டும் ஒன்றா?

இல்லை. ஆப்த மித்ரா மத்திய அரசின் திட்டம். 2016இல் 25 மாநிலங்களின் 30 மாவட்டங்களில், மாவட்டத்துக்கு 200 பேர் என்ற கணக்கில் சோதனையாகத் தொடங்கியது. பிறகு 350 மாவட்டங்களில் ஒரு லட்சம் பேர் என விரிந்தது. தமிழ்நாட்டின் பங்கு 5,500 பேர். 18 முதல் 40 வயது, ஏழாம் வகுப்புத் தேர்ச்சி, அதே மாவட்டத்தில் குடியிருப்பு ஆகியவை தகுதிகள். 12 நாள் பயிற்சி உண்டு. மிதவை உடுப்பு, டார்ச், விசில், முதலுதவிப் பெட்டி, ரப்பர் பூட்ஸ் அடங்கிய ஒரு பை கொடுப்பார்கள். மூன்று ஆண்டுகளுக்குக் குழுக் காப்பீடும் உண்டு. நான்காம் ஆண்டு மழை அந்தக் காப்பீட்டைக் கேட்டுக்கொண்டு வரப்போவதில்லை என்பதைத் திட்டம் வகுத்தவர்கள் யோசித்தார்களோ என்னவோ.

முதல்நிலை மீட்பாளர் என்பது மாநில வருவாய்த் துறை வைத்திருக்கும் பட்டியல். வி.ஏ.ஓ. எழுதிக்கொண்டு போனது இதற்காகத்தான். ஆப்த மித்ராவுக்குரிய பயிற்சியும் பையும் காப்பீடும், இந்தப் பட்டியலில் பெயர் ஏறியதாலேயே உங்களுக்கு வந்துவிடாது.

பத்து என்ற எண் எங்கிருந்து வந்தது?

இந்த ஏற்பாட்டில் கெட்டிக்காரத்தனமும் இருக்கிறது, கவலைப்பட வேண்டியதும் இருக்கிறது. எனவே சற்று நின்று பார்ப்போம்.

2020ஐ ஒட்டி அரசு வெளியிட்ட கணக்குப்படி, தமிழ்நாட்டில் வெள்ளத்தால் பாதிக்கப்படக்கூடிய பகுதிகள் 4,133. இவை நான்கு வகை. தண்ணீர் 5 அடிக்கு மேல் நிற்கும் இடங்கள் 321, மூன்றிலிருந்து 5 அடி வரை நிற்பவை 797, இரண்டிலிருந்து 3 அடி வரை 1,096, இரண்டு அடிக்கும் கீழே 1,919. இந்தப் பகுதிகளுக்கென்று சேர்க்கப்பட்ட முதல்நிலை மீட்பாளர்கள் 43,409 பேர். அவர்களில் பெண்கள் 14,232. வகுத்துப் பார்த்தால் பகுதிக்குச் சராசரியாகப் பத்துப் பேர் வருகிறார்கள். அவர்களில் மூவர் பெண்கள். கால்நடைகளைக் காக்கவும் விழுந்த மரங்களை அகற்றவும் தனிப் பட்டியல்கள் உண்டு.

அடிக்கணக்கில் பிரித்தது நல்ல யோசனை. இதைச் சரிபார்க்க நிபுணர் தேவையில்லை. போன வெள்ளம் சுவரில் எதுவரை ஏறியது என்பதை அந்தத் தெருவில் யாரும் சொல்லிவிடுவார்கள். பெண்களைச் சேர்த்ததும் அப்படித்தான். நள்ளிரவில் கதவைத் தட்டி முகாமுக்கு வரச் சொல்லும்போது, கூப்பிடுவது ஒரு பெண்ணாக இருந்தால் பல வீடுகளில் சீக்கிரம் கிளம்புகிறார்கள். முகாமுக்குப் போன பிறகு கழிப்பறையிலிருந்து கைக்குழந்தையின் பால் வரை எது இல்லை என்று முதலில் கேட்பவர்களும் பெண்களே.

இனி கவலைகள். முதலாவது, சராசரி எதையும் மறைத்துவிடும். ஐந்து அடி நிற்கும் இடத்தில் எத்தனை பேர், இரண்டு அடி நிற்கும் இடத்தில் எத்தனை பேர் என்பது மாநிலக் கூட்டுத்தொகையில் தெரியாது. 'பகுதி' என்பது ஓரிடத்தில் ஒற்றைத் தெருவாகவும் இன்னோரிடத்தில் ஒரு குக்கிராமமாகவும் இருக்கலாம். கேரளம் 2020இல் சன்னத சேனையை அமைத்தபோது நூறு பேருக்கு ஒரு தன்னார்வலர் என்று மக்கள்தொகையை வைத்துக் கணக்கிட்டது. நம் கணக்கு இடத்தை வைத்து நடக்கிறது.

இரண்டாவது, சுவரில் இருக்கும் கறை போன வெள்ளத்தை மட்டுமே சொல்லும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறக்குறைய 95 செ.மீ. மழை கொட்டியது. வடகிழக்குப் பருவம் முழுவதிலும் மாநிலத்துக்கு இயல்பாகக் கிடைக்கும் மழையே சுமார் 44 செ.மீ.தான். பழைய கறைகளை நம்பிப் போட்ட எந்தப் பட்டியலும் அந்த இரவைக் கணக்கில் எடுத்திருக்க முடியாது.

மூன்றாவது கவலைதான் பெரியது. பத்துப் பேரும் அதே பகுதியில் குடியிருப்பவர்கள், அதனால்தான் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். ஐந்து அடி தண்ணீர் ஏறும்போது அது அவர்கள் வீட்டுக்குள்ளும் ஏறும். சொந்தத் தாயை மாடிக்குத் தூக்கிக்கொண்டிருப்பவரிடம் அடுத்த தெருவுக்குப் போகச் சொல்ல முடியாது. 2023இல் தூத்துக்குடியில் நடந்ததுபோல் மின்சாரமும் செல்போன் கோபுரங்களும் நின்றுவிட்டால், பட்டியலில் உள்ள எண்களால் யாரையும் கூப்பிடவும் முடியாது.

ஆகவே இந்தப் பட்டியலுக்கு வேலை வெள்ளம் வந்த பிறகு அல்ல, அதற்கு முந்தைய 24 மணி நேரத்தில்தான். படுத்த படுக்கையாக இருப்பவர் எந்த வீட்டில், நிறைமாதக் கர்ப்பிணி எந்த வீட்டில், வாரம் இரண்டு முறை டயாலிசிஸ் போகிறவர் யார் என்று அறிந்து, சாலை உலர்ந்திருக்கும்போதே அவர்களைக் கிளப்பிவிடுவது. தண்ணீர் ஏறியபின் தீயணைப்புத் துறையும் பேரிடர் மீட்புப் படைகளும் படகுக்காரர்களும்தான் வேலை செய்ய முடியும். 2015 டிசம்பரில் சென்னையில் மீனவர்கள் தங்கள் படகுகளோடு இறங்கியதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

இன்னொன்று: பட்டியல் போன் எண்ணைக் கேட்கிறது, கையில் என்ன இருக்கிறது என்பதைக் கேட்பதில்லை. 2023 டிசம்பர் 17 இரவு செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் சுமார் 800 பயணிகளோடு நின்றுபோனது. தண்டவாளத்துக்கு அடியில் மண் அரித்துக்கொண்டு போய்விட்டது. முந்நூறு பேர் போல வெளியேற்றப்பட்ட பிறகும் மற்றவர்கள் 19ஆம் தேதி வரை மாட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குச் சோறு பொங்கிப் போட்டது அருகிலிருந்த புதுக்குடி கிராமத்து மக்கள். சமைத்த இடம் கோயில். பெரிய அண்டா எங்கே இருக்கிறது, நூற்றுக்கணக்கானவர்களுக்கு உலை வைக்கத் தெரிந்தவர் யார் என்பது அந்த ஊருக்குத் தெரிந்திருந்தது. உங்கள் ஊர்ப் பட்டியலில் பெயருக்குப் பக்கத்தில் இன்னொரு பத்தி போடச் சொல்லுங்கள்: டிராக்டர், ஜெனரேட்டர், மரம் அறுக்கும் இயந்திரம், நீச்சல், சமையல்.

முந்தைய நாள் யார் சொல்ல வேண்டும்?

பட்டியலின் வேலை முந்தைய நாளில் என்றால், அந்த நாளில் 'கிளம்புங்கள்' என்று சொல்ல ஒருவர் வேண்டும். சிக்கல் இங்கேதான்.

2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி மாவட்ட ஆணையத்துக்கு ஆட்சியர் தலைவர். உள்ளாட்சியின் மக்கள் பிரதிநிதி இணைத் தலைவர். அவருக்கு நாற்காலி இருக்கிறது, உத்தரவிடும் அதிகாரம் இல்லை. அவசரமாகப் பொருள் வாங்க டெண்டர் விதியைத் தள்ளிவைக்கும் 50ஆவது பிரிவும் தேசிய, மாநில, மாவட்ட ஆணையங்கள் திருப்திப்பட்டால் மட்டுமே செயல்படும். மணல் மூட்டையும் மோட்டாரும் ஜேசிபியும் தேடி மக்கள் ஓடுவது ஊராட்சியிடம். பட்டியல் இருப்பது வி.ஏ.ஓ.விடம், அதாவது வருவாய்த் துறையிடம். ஒரு கை பெயர்களையும் இன்னொரு கை மண்வெட்டியையும் வைத்திருக்கிறது. இரண்டும் சந்திக்க ஆட்சியர் அலுவலகம் வரை போய்வர வேண்டும். இந்த நிலையைத்தான் அறிக்கைகள் 'தயார் நிலை' என்கின்றன. எண்ணி முடித்தாயிற்று என்பதற்கு மேல் அந்தச் சொல்லுக்குப் பொருள் கொள்ள வேண்டாம்.

காத்திருப்பதன் விலை நமக்குப் புதிதல்ல. 2015 டிசம்பர் 1 அன்று செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து அடையாற்றில் விநாடிக்கு 29,000 கனஅடி திறந்துவிடப்பட்டது. பின்னர் வந்த இந்தியக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை அந்தச் சென்னை வெள்ளத்தை மனிதர் உண்டாக்கிய பேரிடர் என்றே வகைப்படுத்தியது. தண்ணீரைத் திறக்கும் கையும் அடையாற்றங்கரைக் குடிசைக் கதவைத் தட்டும் கையும் ஒன்றையொன்று அறியாமல் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம்.

சட்டத்திலேயே ஒரு வாசலும் இருக்கிறது. மாவட்ட ஆணையத்தின் மேற்பார்வையில் உள்ளாட்சிகள் தமக்கென்று பேரிடர் திட்டம் தயாரிக்க வேண்டும் என்கிறது 32ஆவது பிரிவு. பேரிடர் மேலாண்மைக்குத் தேவையான பிற நடவடிக்கைகளை உள்ளாட்சி எடுக்கலாம் என்கிறது 41(2). எனவே கிராம சபையில் ஒரு குறியை முன்கூட்டியே முடிவு செய்துவிடலாம். ஏரி மதகில் அல்லது பாலத் தூணில் சிவப்புக் கோடு ஒன்று. தண்ணீர் அதைத் தொட்டால் பத்துப் பேரும் யாருடைய போனுக்கும் காத்திராமல் தங்களுக்கு ஒதுக்கிய வீடுகளுக்குப் போக வேண்டும். முகாமாகும் பள்ளியின் சாவி இரவில் யாரிடம் இருக்கும் என்பதும் அதே தீர்மானத்தில் இருக்கட்டும். இதற்கு ஒரு டப்பா பெயின்ட் தவிர செலவில்லை.

கேரளத்தில் 2018, 2019 வெள்ளங்களுக்குப் பிறகு ஊராட்சி, நகராட்சி, மாநகராட்சி எல்லாவற்றிலும் உள்ளூர்ப் பேரிடர் திட்டம் எழுத வைத்தார்கள். வார்டு உறுப்பினரும் குடும்பஸ்ரீ மகளிர் குழுப் பெண்களும் அமர்ந்து எழுதிய திட்டங்கள் அவை. எல்லாம் சிறப்பாக இருந்தன என்று சொல்ல மாட்டேன். ஆனால் எழுதியவர் யார் என்று ஊருக்குத் தெரியும். தமிழ்நாட்டில் 28 மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்தபோது, அந்த இடத்தில் அமர்ந்தவர்கள் தனி அலுவலர்கள். ஒரு தனி அலுவலரின் பொறுப்பில் பல ஊராட்சிகள் இருக்கும்போது, எந்த ஊர் மதகுக்கு முதலில் ஓடுவார்?

மாநகரங்களில் நிலைமை மேலா?

தாளில் மேல். 2025இல் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தம், மாநிலத் தலைநகரங்களுக்கும் மாநகராட்சி உள்ள நகரங்களுக்கும் தனியே நகர்ப்புறப் பேரிடர் மேலாண்மை ஆணையம் அமைக்க வழி செய்தது. தலைவர் மாநகராட்சி ஆணையர், துணைத் தலைவர் ஆட்சியர். நீங்கள் வாக்களித்த மேயரின் பெயர் அந்த இரண்டு இடத்திலும் இல்லை. உள்ளாட்சியை வலுப்படுத்தும் திருத்தம் என்று சொல்லப்படுவதை இந்த அளவில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பட்டியலில் பெயர் இருந்தால் தண்ணீரில் இறங்கியே ஆக வேண்டுமா?

இல்லை, இது தன்னார்வப் பணி. நீச்சல் தெரியாவிட்டால் இப்போதே சொல்லிவிடுங்கள்.

சம்பளம் உண்டா?

இல்லை.

மீட்புப் பணியில் உயிர் போனால்?

மாநிலப் பேரிடர் நிவாரண நிதி விதிகளின்படி 4 லட்சம் ரூபாய்; பேரிடரில் இறக்கும் மற்றவர்களுக்கும் அதே தொகைதான்.

என் பெயர் இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

வி.ஏ.ஓ. அல்லது வட்டாட்சியர் அலுவலகத்தில் கேளுங்கள். அதைவிட நல்லது, கிராம சபையில் பட்டியலை உரக்கப் படிக்கச் சொல்வது.

படித்தால் என்ன பயன்?

ஊரைவிட்டுப் போனவர், எண்ணை மாற்றியவர், இறந்துபோனவர் யாரென்று அங்கேயே தெரிந்துவிடும்.

கல்லூரி மாணவர்கள் சேரலாமா?

சேரலாம், என்.சி.சி., நாட்டு நலப்பணித் திட்டம் போன்றவற்றில் இருக்கும் இளைஞர்களுக்கென்றே யுவ ஆப்த மித்ரா தொடங்கப்பட்டிருக்கிறது.

யாரைக் கூப்பிடுவது?

மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலம் 1070, சென்னை மாநகராட்சி 1913.

அக்டோபர் 2ஐத் தவறவிட்டால்?

அடுத்த கிராம சபை நவம்பர் 1. அதற்குள் மழை தொடங்கியிருக்கும்.