தோட்டத்து வெள்ளியில் வளர்ந்த துறை

மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை தொடங்கும் பேச்சு 1950களின் முற்பாதியில் எழுந்தபோது, அங்கே எந்த மொழிக்கு முதலிடம் என்பது பெரிய வழக்காகிவிட்டது. ஆலோசனை சொல்ல அழைக்கப்பட்ட வரலாற்றறிஞர் கே.ஏ. நீலகண்ட சாஸ்திரி சமஸ்கிருதத்தை முன்வைத்தார். சிங்கப்பூரில் ‘தமிழ் முரசு’ நடத்திவந்த கோ. சாரங்கபாணி அதை ஏற்கவில்லை. மலாயா இந்தியர்களில் மிகப் பெரும்பாலோர் தமிழர்களாக இருக்கும்போது தமிழுக்குத்தான் முதல் உரிமை என்று விடாமல் வாதாடினார். வாதத்தோடு நிற்கவும் இல்லை. ‘தமிழ் எங்கள் உயிர்’ என்ற பெயரில் நிதி திரட்டினார். பால்மரம் சீவியவர்கள், துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்கள், தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள், சிறு கடைக்காரர்கள் என்று சாதாரண மக்கள் தங்களால் முடிந்த வெள்ளியைக் கொடுத்தார்கள். 1956-ல் துறை பிறந்தபோது தமிழே அதன் மையமாக அமைந்தது.

ஒரு பல்கலைக்கழகத் துறைக்குத் தோட்டத்து மக்கள் பணம் கொடுத்தார்கள் என்பது சிறிய செய்தி அல்ல. கொடுத்தவர்களில் பலர் அந்தக் கட்டடத்தின் வாசலைக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். அப்படியானால் அந்தத் துறை அவர்களுக்கு என்ன செய்ய வேண்டும்? பகாங் மாநிலத்துக் கேமரன் மலையின் தேயிலைத் தோட்டங்களிலிருந்து பார்த்தால் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகிறது.

பதில் தேட வேறொரு சமூகத்தின் அனுபவம் உதவும். உலகம் முழுக்கச் சிதறிய ஒரு சமூகத்துக்கும் பல்கலைக்கழகத்துக்கும் இடையிலான உறவை நெடுங்காலமாகச் சோதித்துப் பார்த்தவர்கள் யூதர்கள். 1819-ல் பெர்லினில் லியோபோல்டு சுன்ஸ் முதலிய இளைஞர்கள் யூதப் பண்பாட்டை அறிவியல் முறையில் ஆராயச் சங்கம் அமைத்தார்கள். ஜெர்மானியப் பல்கலைக்கழகங்கள் அந்தப் படிப்புக்கு இடம் தரவில்லை. ஹார்வர்டு பல்கலைக்கழகம் 1925-ல்தான் யூதவியலுக்கு ஒரு பேராசிரியர் இருக்கையை ஏற்படுத்தி ஹாரி வுல்ஃப்சனை அதில் அமர்த்தியது. இன்று அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பல பல்கலைக்கழகங்களில் யூதவியல் மையங்கள் இருக்கின்றன. மாணவர்களுக்குப் பாடம் நடத்துவது அவற்றின் ஒரு பாதி வேலை. பொதுமக்களுக்கான சொற்பொழிவு, பள்ளி ஆசிரியர்களுக்குப் பயிற்சி, முதியவர்களின் நினைவுகளைப் பதிவுசெய்வது, குடும்பக் கடிதங்களையும் படங்களையும் வாங்கிப் பாதுகாப்பது எல்லாம் மறுபாதி.

அந்த மறுபாதிக்கு வழிகாட்டியது பல்கலைக்கழகம்கூட அல்ல. அப்போது போலந்தில் இருந்த வில்னா நகரில் 1925-ல் தொடங்கிய ‘யிவோ’ என்ற ஆய்வு நிறுவனம் அது. அரசு ஆதரவு இல்லை. சிறு நன்கொடைகளில் நடந்தது. இத்திஷ் என்ற மக்கள் மொழியை அது தன் ஆய்வு மொழியாகக் கொண்டது. சேகரிப்பாளர்கள் என்ற பெயரில் ஊர் ஊராகத் தொண்டர்களை அமர்த்தியது. தையல்காரரும் பள்ளி ஆசிரியரும் தங்கள் ஊர்ப் பழமொழி, தாலாட்டு, திருமணச் சடங்கு, நாடகத் துண்டறிக்கை எதுவானாலும் எழுதியும் எடுத்தும் அனுப்பினார்கள். 1932, 1934, 1939 ஆண்டுகளில் இளைஞர்களுக்குத் தன்வரலாற்றுப் போட்டி நடத்தியபோது 600-க்கும் மேற்பட்டோர் எழுதினார்கள். பரிசு வாங்க எழுதிய அந்த நோட்டுப் புத்தகங்கள், போருக்கு முந்தைய கிழக்கு ஐரோப்பிய யூத வாழ்க்கைக்கு இன்று கிடைத்தற்கரிய சான்று. எழுதியவர்களில் பலர் அடுத்த சில ஆண்டுகளில் நாஜிகளால் கொல்லப்பட்டார்கள். வில்னாவில் யூதர்களை அடைத்துவைத்த ‘கெட்டோ’ பகுதியில் சிக்கிய கவிஞர்கள் சுட்ஸ்கேவரும் காச்செர்கின்ஸ்கியும் தோழர்களும் உயிரைப் பணயம் வைத்து யிவோவின் காகிதங்களை ஆடைக்குள் மறைத்துக் கடத்தினார்கள். 1940-ல் நியூயார்க்குக்கு இடம் மாறிய யிவோவிடம் அவற்றில் ஒரு பகுதி போருக்குப் பின் வந்து சேர்ந்தது.

போர் முடிந்தபின் ஊர்களில் கேட்க ஆள் இல்லை. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஊரியல் வைன்ரைக் அதற்கும் ஒரு வழி கண்டார். தப்பிக் குடிபெயர்ந்தவர்களைத் தேடிப் பிடித்து, அவரவர் பிறந்த ஊரில் ரொட்டியை எப்படிச் சுட்டார்கள், பிள்ளைக்கு என்ன சொல்லிப் பயமுறுத்தினார்கள், வெள்ளிக்கிழமை இரவில் மீனுக்கு இனிப்புச் சேர்த்தார்களா மிளகு சேர்த்தார்களா என்பது போன்ற கேள்விகளை வரிசையாகக் கேட்டு ஒலிப்பதிவு செய்யும் திட்டம் 1959-ல் தொடங்கியது. வைன்ரைக் 1967-ல் இறந்தும் வேலை நிற்கவில்லை. 5,700 மணி நேரத்துக்கும் அதிகமான நாடாக்கள் சேர்ந்தன. அழிந்துபோன ஊர்களின் பேச்சு அதில் இருக்கிறது.

மலேசியாவுக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. பினாங்கு ஜார்ஜ் டவுனில் 1805-ல் ஏற்பட்ட யூதர் கல்லறைத் தோட்டம் இன்னும் இருக்கிறது. அந்தத் தெருவின் பெயரே முன்பு யூதர் சாலை. சமூகம் கலைந்துவிட்டது, சாலையின் பெயரும் மாறிவிட்டது. அங்கே வாழ்ந்தவர்களின் சமையலும் பேச்சும் வியாபாரமும் எப்படி இருந்தன என்பதைக் கல்வெட்டுகள் சொல்லப் போவதில்லை.

இனி மலாயாப் பல்கலைக்கழகத்துக்கு வருவோம். இந்திய ஆய்வியல் துறை சும்மா இருந்துவிடவில்லை. 1961-ல் தலைமையேற்ற தனிநாயகம் அடிகள் அதை உலகத் தமிழாய்வின் வரைபடத்தில் ஏற்றினார். 1964-ல் தில்லியில் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் அமையக் காரணமானவர் அவரே. மன்றத்தின் முதல் மாநாடு 1966 ஏப்ரலில் கோலாலம்பூரில் நடந்தது. அடுத்து 1987, 2015, 2023 என மேலும் மூன்று மாநாடுகளை அந்த நகரம் நடத்தியது. இவற்றைவிடச் சத்தமில்லாமல் நடந்த ஒரு வேலையை இங்கே சொல்லியாக வேண்டும். இராம சுப்பையா, மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வெளிவந்த தமிழ் நூல்களையும் இதழ்களையும் தேடிப் பட்டியலிட்டு 1969-ல் ‘தமிழ் மலேசியானா’ என்ற தொகுப்பைத் தந்தார். இந்நாட்டுத் தமிழ் இலக்கியத்தை ஆராயப் புகுபவருக்கு அது முதல் படிக்கட்டு. பல்கலைக்கழகத்தின் மாணவர் அமைப்பான தமிழ்ப் பேரவை நடத்தும் சிறுகதைப் போட்டியும் வளாகத்துக்கு வெளியே கைநீட்டிய முயற்சிதான். பொதுமக்கள் எழுதிய கதைகள் ‘பேரவைக் கதைகள்’ என்று தொகுப்புகளாக வந்தன.

எழுதியவர்களின் தமிழ் இவ்வாறு பாதுகாக்கப்பட்டது. எழுதாதவர்களின் தமிழுக்கு இதே அளவு கவனிப்பு கிடைக்கவில்லை. கேமரன் மலையில் அது கண்கூடு.

இந்த மலைக்குப் பெயர் தந்த வில்லியம் கேமரன் 1885-ல் வந்த நில அளவையாளர். 1929-ல் ஜே.ஏ. ரஸ்ஸல் ‘போ’ தோட்டத்தைத் தொடங்கினார். பாரத் தோட்டம் 1933-ல் வந்தது. இவை சுற்றுலாக் கையேட்டில்கூட இருக்கும். 1967 மார்ச் மாதம் தானா ராத்தா அருகே ஒரு பங்களாவிலிருந்து காணாமற்போன தாய்லாந்துப் பட்டு வியாபாரி ஜிம் தாம்சனைப் பற்றிப் புத்தகங்களே எழுதியிருக்கிறார்கள். காட்டை வெட்டித் திருத்தி அந்தச் சரிவுகளில் முதல் தேயிலைச் செடிகளை ஊன்றிய பெண்கள் யார், எந்த ஊரிலிருந்து வந்தார்கள், எந்தக் கங்காணியோடு கப்பல் ஏறினார்கள் என்று கேட்டால் பதில் சொல்ல ஒரு நூலகம் கிடையாது. ஒரே மலையில் நடந்த இரண்டு கதைகளில் ஒன்றுக்கு இவ்வளவு காகிதமும் மற்றதற்கு இவ்வளவு மௌனமும் என்பது நியாயமே இல்லை.

அந்த மௌனத்துக்குள் எவ்வளவு செய்தி இருக்கிறது என்பதற்குக் கொழுந்து எடுக்கும் வேலையை மட்டும் பார்த்தால் போதும். ஆரம்பத்தில் கையால் கிள்ளினார்கள். பிறகு கத்தரி வந்தது: ஒரு தகட்டோடு பெட்டியோ பையோ பொருத்திய பெரிய கத்தரி, வெட்டிய இலை அப்படியே அதில் விழும், நிறைந்ததும் முதுகுக் கூடைக்குப் போகும். சரிவு குறைந்த இடத்தில் இப்போது இருவர் ஆளுக்கொரு பக்கம் பிடித்து நடக்கும் இயந்திரம். செங்குத்தான இடத்தில் இன்றும் கத்தரிதான். கையிலிருந்து கத்தரிக்கும், கத்தரியிலிருந்து இயந்திரத்துக்கும் மாறியபோது கூலி எப்படி மாறியது, பெண்களுக்கு எத்தனை வேலை போயிற்று, தோளும் இடுப்பும் என்ன பாடுபட்டன என்பதை அந்த வேலையைச் செய்தவர்தான் சொல்ல முடியும். பிரட்டு என்ற பெயர் அழைப்புக்குக் கூப்பிட்ட விடியற்காலை மணி, ஆயாக் கொட்டகையில் விட்டுவந்த பிள்ளை, மண்டோரின் அதட்டல், கிராணியின் செக்ரோல் என்ற வருகைப் பதிவேடு, லயம் என்ற தொழிலாளர் வரிசை வீடுகளின் கோயிலில் ஆண்டுத் திருவிழாவுக்குப் பிடித்த வரி, ஜப்பானியர் காலத்துப் பசி, அவசரகாலத்துச் சோதனைச் சாவடி — இவையெல்லாம் வாய்மொழியாக மட்டுமே உயிரோடு இருக்கும் சரித்திரம்.

சொல்லக்கூடியவர்கள் குறைந்துகொண்டு வருகிறார்கள். சரிவுகளில் இன்று பெரும்பாலும் வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியாவிலிருந்து வந்த தொழிலாளர்களைக் காணலாம். தோட்டத் தமிழர்களின் பிள்ளைகள் தானா ராத்தாவிலும் பிரிஞ்சாங்கிலும் கடையிலோ காய்கறிப் பண்ணையிலோ விடுதியிலோ வேலை பார்க்கிறார்கள்; மற்றவர்கள் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் இறங்கிவிட்டார்கள். லயம் காலியானால் அந்த வீட்டுப் பரணில் இருந்த பெட்டியும் போய்விடும்.

இதில் உணர்ச்சி மட்டும் இருப்பதாக நினைப்பது தவறு. குடியுரிமை இல்லாதவர்களுக்குரிய சிவப்பு அடையாள அட்டையோடு முதுமை வரை காத்திருந்த தோட்டத்து மக்களின் கதை மலேசியத் தமிழர்களுக்குப் புதிதல்ல. இந்த மண்ணில்தான் பிறந்தேன் என்று காட்டப் பிறப்புப் பத்திரம் இல்லாதவர்களுக்குப் பள்ளிப் பதிவேடும், தோட்டத்து மருத்துவமனைக் குறிப்பும், அக்கம்பக்கத்தார் சாட்சியும்தான் துணை. ஒரு தோட்டத்தின் பழைய பதிவேடுகளைப் படமெடுத்து ஒழுங்காக வைக்கும் ஆவணக் காப்பகம் ஒரு குடும்பத்தின் குடியுரிமை விண்ணப்பத்துக்கே உதவக்கூடும். சமூகத்தோடு சேர்ந்து உழைக்கும் பல்கலைக்கழகம் என்றால் பொருள் இதுதான்.

எப்படிச் செய்வது? பெரிய கட்டடம் தேவையில்லை. யிவோவின் வழி இங்கே அப்படியே பொருந்தும். தானா ராத்தாவிலும் ரிங்லெட்டிலும் தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்களைச் சேகரிப்பாளர்களாகப் பயிற்றுவிக்கலாம். மேல் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தாத்தா பாட்டியிடம் கேட்டு எழுதும் போட்டி வைக்கலாம். துறையின் மாணவர்கள் விடுமுறையில் மலையேறி வந்து, வைன்ரைக் குழுவினர்போல் ஒரே கேள்வி வரிசையை ஒவ்வொரு தோட்டத்திலும் கேட்டுப் பதியலாம். கேள்விகள் சின்னதாகவும் கையில் பிடிக்கக்கூடியதாகவும் இருக்க வேண்டும். வாழ்க்கை எப்படி இருந்தது என்று கேட்டால் கஷ்டம்தான் என்று ஒரு சொல்லில் முடிந்துவிடும். அடுப்பில் என்ன எரித்தீர்கள், மழைக்கு எதைப் போர்த்தினீர்கள், முதல் சம்பளத்தில் என்ன வாங்கினீர்கள் என்று கேட்டால் ஒரு மாலைப்பொழுது போதாது. தஞ்சோங் மாலிமில் உள்ள சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்திலும் தமிழ் படித்து ஆசிரியராகும் மாணவர்கள் இருக்கிறார்கள். இரு பல்கலைக்கழகங்களும் சேர்ந்தால் வேலை சுலபம்.

அமெரிக்காவில் ஆரோன் லான்ஸ்கி என்ற மாணவர், படிக்க இத்திஷ் நூல்கள் கிடைக்காமல் முதியவர்களின் வீடு வீடாகப் போய்க் கேட்கத் தொடங்கி, 24 வயதில், 1980-ல், இத்திஷ் நூல் மையத்தை நிறுவினார். உலகத்தில் மிஞ்சியிருப்பது 70,000 நூல்கள்தான் என்று அறிஞர்கள் அவரிடம் கூறியிருந்தார்கள். பத்து லட்சத்துக்கும் மேல் சேர்ந்தது. போய்க் கேட்டதால் கிடைத்தது.

1924 முதல் வந்த ‘தமிழ் நேசன்’ 2019-ல் நின்றுபோனது. ஒரு நாளிதழே நிற்கும்போது, அச்சேறாத நினைவு எத்தனை நாள் தாங்கும்? துறை மலையேறி வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். கேமரன் மலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த பெரியவர் ஒருவர் உங்கள் வீட்டில் இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமை கைப்பேசியில் பதிவுப் பொத்தானை அழுத்திவிட்டு அவர் பக்கத்தில் உட்காருங்கள். பழைய சம்பளச் சீட்டு, பள்ளிச் சான்றிதழ், திருவிழாப் படம் எதையும் எறியாதீர்கள். படத்தின் பின்புறம் பென்சிலால் பெயர், தோட்டம், ஆண்டு மூன்றையும் எழுதி வையுங்கள்.