கருவில் வளரும் மூளையும் செரோடோனினும்

நாற்று நட்ட பிறகு நிலத்தை உழுவோம் என்று எந்த உழவரும் காத்திருப்பதில்லை. ஆனால் குழந்தையின் அறிவு வளர்ச்சியைப் பற்றி மட்டும், அதனைப் பள்ளியில் சேர்க்கும் நாளன்றே நாம் நினைக்கத் தொடங்குகிறோம். மூளைக்கு உழவு நடைபெறும் பருவமோ, தாய் கருவுற்ற முதல் மாதங்களிலேயே வந்துவிடுகிறது.

இராயபுரத்திலுள்ள அரசு இராஜா சர் இராமசாமி முதலியார் மகப்பேறு மருத்துவமனைக்கு, அக்கம்பக்கத்து மீனவர், தொழிலாளர் குடும்பத்துப் பெண்களேயன்றி, எண்ணூருக்கு அப்பாலுள்ள சிற்றூர்ப் பெண்களும் பேறுகாலத்திற்கு வருகின்றனர். ஆனால் அவர்கள் அம்மருத்துவமனையின் வாயிலை அடையும்போது, சிசுவின் மூளையில் அடிப்படை வேலைகள் பல முடிந்திருக்கும். அவை ஊரிலே, வீட்டிலே, தாய் உண்ட உணவைக் கொண்டு நடந்தேறியவை. அவ்வேலைகளில் பங்குகொள்ளும் பொருள்களுள் ஒன்று செரோடோனின்.

செரோடோனின் என்பது யாது?

1948-இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில், இரத்தக் குழாய்களைச் சுருங்கச் செய்யும் பொருளாக இது இரத்தத்திலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. 1953-இல் மூளையிலும் இது உண்டெனத் தெரியவந்தது. நம் உடலிலுள்ள செரோடோனினில் பெரும்பகுதி குடலில் இருக்கிறது. மூளையில் உள்ளது சிறு பகுதியே. அச்சிறு பகுதி நரம்பணுக்களுக்கிடையே செய்தி கொண்டுசென்று, உறக்கம், பசி, மனநிலை ஆகியவற்றை ஒழுங்குபடுத்துவதில் உதவுகிறது.

கருவில் இதன் பணி வேறு. 1856 ஜூலை 1 அன்று தென்னிந்தியாவின் முதற் பயணிகள் புகைவண்டி இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்குப் புறப்பட்டது. அது ஓடுவதற்கு முன்னரே இருப்புப்பாதை இடப்பட்டிருக்க வேண்டுமல்லவா? வளர்ந்தவர் மூளையில் செரோடோனின் செய்தி சுமக்கும் வண்டியைப் போன்றது. கருவிலோ பாதையிடும் பணியாளரைப் போன்றது. கருவுற்ற ஐந்தாம் வாரமளவிலேயே இதனை உண்டாக்கும் நரம்பணுக்கள் மூளைத்தண்டில் தோன்றுகின்றன. பிற அணுக்கள் பெருகுவதிலும், தத்தம் இடம் சேர்வதிலும், கிளைவிட்டு ஒன்றோடொன்று இணைவதிலும் செரோடோனினுக்குப் பங்கு உண்டு.

இப்பொருள் மிகுந்தாலும் கேடுதான். 1996-இல் வெளியான ஆய்வொன்றில், செரோடோனின் அளவுக்கு மீறித் தேங்கிய சுண்டெலிக் குஞ்சுகளின் மூளையில், மீசையின் தொடுவுணர்ச்சிக்குரிய பாத்திகள் உருவாகவில்லை. பிறந்த முதல் நாள்களிலேயே அதன் உற்பத்தியைத் தடுத்தபோது பாத்திகள் அமைந்தன. எலிக்குக் கண்டதெல்லாம் மனிதருக்கும் அப்படியே பொருந்தும் என்று கொள்ளலாகாது. ஆயினும் அளவும் பருவமும் முக்கியம் என்பது இதனால் விளங்கும்.

தாயின் உணவும் இரும்புச் சத்தும்

செரோடோனினுக்கு மூலப்பொருள் டிரிப்டோபன் என்னும் புரதக்கூறு. இதனை நம் உடல் தானே உண்டாக்க இயலாது, உணவிலிருந்தே பெறவேண்டும். பருப்பு, பயறு, நிலக்கடலை, எள், பால், முட்டை, மீன் ஆகியவற்றில் இது உண்டு. டிரிப்டோபனைச் செரோடோனினாக மாற்றும் வேலைக்கு இரும்புச் சத்தும் பி6 உயிர்ச்சத்தும் துணை நிற்கின்றன. இரும்புச் சத்து மூளை வளர்ச்சியின் வேறு பல வேலைகளுக்கும் இன்றியமையாதது. ஆனால் 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் கருவுற்ற பெண்களுள் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு இரத்தசோகை இருந்தது. நாம் கவலைகொள்ள வேண்டிய செய்தி இதுவே.

இங்கு ஓர் எச்சரிக்கை. வாழைப்பழத்தில் செரோடோனின் உள்ளது. ஆனால் உண்ட செரோடோனின் இரத்தத்திலிருந்து மூளைக்குள் புகுவதில்லை. ஆதலின், செரோடோனினைப் பெருக்கிப் பிள்ளையை அறிவாளியாக்குவதாகக் கூறி எவரேனும் மருந்து விற்றால் ஏமாறலாகாது. மனச்சோர்வுக்கு மருந்துண்ணும் பெண் கருவுற்றால், அதனைத் தாமாக நிறுத்தாமல் மருத்துவரை உடனே கலந்துகொள்ள வேண்டும். அம்மருந்துகளுள் பல செரோடோனின் வழியே வேலை செய்பவை.

நாம் செய்யத்தக்கவை

1. கருவுற்ற செய்தியைப் பன்னிரண்டு வாரத்திற்குள் கிராம சுகாதாரச் செவிலியரிடம் பதிவு செய்விக்க வேண்டும்.

2. நான்காம் மாதம் முதல் நாளொன்றுக்கு ஒன்றாக, 180 நாள்களுக்கு வழங்கப்படும் இரும்பு, போலிக் அமில மாத்திரைகளைத் தவறாது உண்ணச் செய்ய வேண்டும். காபி, தேநீருடன் அவற்றை உண்ணலாகாது. எலுமிச்சை, நெல்லி போன்றவை இரும்புச் சத்து உடலில் சேர உதவும்.

3. வீட்டில் அனைவரும் உண்டபின் எஞ்சியதைக் கருவுற்ற பெண் உண்ணும் வழக்கத்தை ஒழிக்க வேண்டும். பருப்பும் கீரையும் மீனும் முதலில் அவள் இலைக்கே வரட்டும்.

4. மாத்திரையும் சத்துமாவும் உரியோருக்குக் கிடைக்கின்றனவா என்பதைக் கிராமசபையில் கேட்டறிய வேண்டும்.

சாலை, குடிநீர் வேலைகளுக்கு மதிப்பீடு போடுகிறோம். நாள் குறித்து முடிக்கிறோம். கருவில் நடக்கும் இவ்வேலைக்கு ஒப்பந்ததாரர் இல்லை. கெடு தவறினால் மறுபடியும் நாள் கிடைப்பதும் அரிது. நம் ஊரில் இன்று கருவுற்றிருக்கும் பெண்கள் எத்தனை பேர், அவர்களுள் எத்தனை பேர் மாத்திரை உண்கின்றனர் என்னும் இரு கணக்குகளையும் இம்மாதமே எடுத்துப் பார்ப்போமாக.